அரை நிமிட ஜெபம்

சிஸ்டரின் கடிகாரம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கையில் கட்டுவதல்ல, நர்சுகள் மார்பில் குத்திக்கொள்வார்களே, தலைகீழாகத் தொங்கும் சின்னக் கடிகாரம், அது. மணி முள் உண்டு, நிமிட முள் உண்டு. நொடி முள் மட்டும் எப்போதோ ஒடிந்து, கண்ணாடிக்குள் அடியில் கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு முப்பத்தோரு வருடம் டெல்லி ஆஸ்பத்திரியில் நர்சாக அவர் எப்படி நாடி பார்த்தார் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை.

மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டியில் நான் மூன்றாம் மாடி, அவர் தரைத்தளம். நடுவில் ஐம்பத்து நான்கு படிகள். ஓய்வு பெறும்வரை மத்திய அரசின் புள்ளிவிவரப் பிரிவில் இருந்தவன் நான். எதைக் கண்டாலும் எண்ணுவேன். என் மனைவி ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், பதினோராவது துணி கையில் இருக்கும்போதே இதயம் நின்று சரிந்தாள். அதற்குப் பிறகு எண்ணுவது வெறும் பழக்கமாக இருக்கவில்லை, பயமாகிவிட்டது. நாளுக்கு நாற்பது முறை என் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். மெட்ரோவில், பால் பூத் வரிசையில், ஆலயத்தில் பிரசங்கத்தின் நடுவில். எண் கூடினால் பயம். பயத்தில் எண் இன்னும் கூடும். பிறந்ததிலிருந்து ஜெபத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் அந்த நாட்களில் கண்ணை மூடினால் கடவுள் வரவில்லை, எண்தான் வந்தது.

ஒரு காலையில் படியிறங்கி வந்து, கழுத்தில் விரலை அழுத்திக்கொண்டு நின்றேன். வாசலில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்த சிஸ்டர் பார்த்துவிட்டார். நாகர்கோவில் பக்கத்துக்காரர்.

“அண்ணாச்சி, கழுத்த நெரிச்சுத்தான் சாகணும்னா மேலயே செய்யலாம்லா? எதுக்கு இத்தன படி எறங்குதிய?”

என் மணிக்கட்டைப் பிடித்தார். கண் மூடியிருந்தது, உதடு அசைந்தது. முடித்ததும் “எண்பத்தாறு” என்றார். சேலையில் குத்தியிருந்த கடிகாரத்தை அவர் பார்க்கவே இல்லை. கேட்டபோது சொன்னார்: அவர் படித்த மிஷன் ஆஸ்பத்திரியில் கடிகாரங்கள் குறைவு. அங்கே நர்சுப் பிள்ளைகள் எல்லாரும், ‘எங்கள் பிதாவே’ என்று தொடங்கி நடுவில் அன்றாட அப்பம் கேட்கும் பரமண்டல ஜெபத்தை ஒரே நிதானத்தில் மனசுக்குள் சொல்லப் பழகுவார்களாம். ஒரு ஜெபம், சரியாக அரை நிமிடம். அதற்குள் எண்ணிய துடிப்பை இரண்டால் பெருக்கினால் நாடி.

“நோயாளிக்கு ஒரு ஜெபம் ஆச்சு, நமக்குக் கணக்கும் ஆச்சு” என்று சிரித்தார்.

எனக்கு அந்த முறை பிடித்துப்போனது. நாற்பது முறை பார்த்தது போய், காலை ஒன்று, மாலை ஒன்று என்றானது. எழுபது, எழுபத்திரண்டு, எழுபது என்று நோட்டில் எழுதிவைத்தேன். விசுவாசத்தால் என் மனம் அடங்கிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நெஞ்சு மட்டும் படபடத்துக்கொண்டே இருந்தது. அதைச் சோதனைக்காரனான சாத்தானின் வேலை என்று ஒதுக்கினேன்.

பதினேழாம் நாள் சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். என் முகத்தைப் பார்த்தார். “இப்பம் என் முன்னால பாருங்க. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க” என்றார். பார்த்தேன். முப்பத்தைந்து, பெருக்கினால் எழுபது. அவர் முகத்தில் சிரிப்பில்லை.

“அரே அண்ணாச்சி, என்ன ஜல்தி இது? அப்பம் கேக்கிற எடத்தில மூச்சே விடல்ல. இருவது செகண்டுல ஆமென் போட்டாச்சு. என்கூடச் சேந்து சொல்லுங்க.”

அவருடைய நிதானத்தில் சொன்னேன். முப்பத்தைந்து வந்தது, நாற்பது வந்தது, ஜெபம் முடியவில்லை. ஐம்பத்திரண்டில் ஆமென். நூற்று நான்கு. பயத்தில் ஜெபத்தை ஓட்டியிருக்கிறேன். ஓட்டியதால் எண் குறைந்திருக்கிறது. அந்த எண்ணைத்தான் சமாதானம் என்று சபைக்கு முன்னால் சொல்லியிருக்கிறேன்.

“ஆண்டவர்ட்டப் போயும் நல்ல பிள்ளையா நடிக்கணுமா? நூத்தி நாலுன்னா நூத்தி நாலுன்னு சொல்லுங்க. பயமா இருக்குன்னும் சொல்லுங்க. சட்டையப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

ஆட்டோவில் ஏறினோம். பயப்படாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார், அவ்வளவுதான். நான் உதட்டுக்குள் சொன்னேன்: ஆண்டவரே, பயமாக இருக்கிறது. பயம் போகவில்லை. அதை ஒளித்துவைக்கும் வேலை போயிற்று. அது எவ்வளவு பாரமான வேலை என்று இறக்கிவைத்தபோதுதான் தெரிந்தது. இதயத்தின் தாளம் தவறியிருக்கிறது, இன்னும் நாள் கடத்தியிருந்தால் பக்கவாதம் வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சிஸ்டர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அவர் மகள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்தாள். இப்போது மாத்திரைகளுக்கும் இதயத்தின் தாளம் கட்டுப்படுவதில்லை. வருகிற வியாழக்கிழமை எனக்கு இதயத்தில் சிகிச்சை. போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மறுபடி எழுந்து நின்றேன். முன்பு சொன்ன சாட்சி தவறு என்றேன். பயமாக இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். சிலர் தலை குனிந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் “எனக்கும்” என்றார்.

இன்று காலை கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஒடிந்த முள் கண்ணாடிக்குள் நகர்ந்து வேறொரு பக்கம் போய்க் கிடந்தது. மணிக்கட்டில் விரலை வைத்து ஜெபத்தைத் தொடங்கினேன். அப்பம் கேட்கிற இடத்தில் நின்று மூச்சு விட்டேன். ஐம்பத்தொன்றில் ஆமென் வந்தது. இன்னொரு முறை பார்க்கலாமா என்று விரல் மறுபடி மணிக்கட்டுக்குப் போனது. விரலை எடுத்துப் பேனாவைப் பிடித்தேன். நூற்று இரண்டு என்று எழுதினேன். பக்கத்தில், மெதுவாகச் சொன்னது என்றும் எழுதினேன்.