கரும்புள்ளி விழுந்த ஈக்கள்

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

தறி ஓடும் அறைக்கு அடுத்த அறை அலமாரியில் என் பழ ஈக்கள் இருந்தன. கண்ணாடிக் குப்பிகள், உள்ளே மசித்த வாழைப்பழம், வாயில் பஞ்சு. கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிக்கு வளர்த்தேன். எறும்பைவிடச் சிறிய குளவி ஒன்று ஈயின் புழுவைக் குத்தி உள்ளே முட்டையிடும். முட்டை பொரித்தால் அந்தப் புழு உள்ளிருந்தே தின்னப்பட்டுச் சாகும். சில புழுக்கள் விடுவதில்லை. தம் இரத்த அணுக்களால் முட்டையைச் சூழ்ந்து, இறுக்கி, கறுக்கவைத்துக் கொல்லும். பிழைத்து ஈயானால் வயிற்றில் ஒரு கரும்புள்ளி. குளவி மட்டும் சும்மா இருக்குமா? அந்த அணுக்களையே அழிக்கும் நஞ்சோடு அதன் பேத்திகள் வரும். ஈ மாறும், குளவி மாறும், மறுபடி ஈ மாறும். வேறு குப்பியில் வளர்த்த குளவிகளை ஒவ்வொரு முறையும் புழுக்கள்மேல் விட்டு, புள்ளி விழுந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி ஏழு தலைமுறை பெருக்கியிருந்தேன்.

ஐயம்பேட்டையில் ஒரு சாவு. "புதுசா வந்த ஈயை மயக்கி வேற குப்பிக்கு மாத்திடுங்க, போதும்" என்று நெசவாளரான என் கணவரிடம் சொல்லிப் போனேன்.

திரும்பி வந்தபோது இழை எண்ணும் பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பொறுக்கியும் வெச்சிட்டேம்மா. கறை பட்டது ஒண்ணு கூட இல்ல."

"கறையா? அதையெல்லாம் என்னா பண்ணீங்க?"

"சோப்புத் தண்ணில போட்டேன். சின்னப் புள்ளிக்கே புடவை திரும்பி வருது, ஈயை வெச்சிக்கினு என்னா பண்றது?"

கத்தினேன். தறிச் சத்தத்தையும் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "சண்டை போட்டுப் பொழைச்சதுங்க அதெல்லாம்! குத்தே வாங்காததைப் பத்திரமா வெச்சிருக்கீங்களே!"

"நாலு மாசமா ஈக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்கிற. புள்ளி எதுக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

சொல்லவில்லை. அது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது.

மிஞ்சியவை குத்து படாமல் தப்பியவை. ஆனால் செத்தவற்றோடு ஒரே வயிற்றில் பிறந்தவை. அந்த வலு அவற்றுக்குள்ளும் இருக்கலாம். அவற்றை முட்டையிடவிட்டு, புழுக்கள் நெளியத் தொடங்கியதும் குளவிகளைத் திறந்துவிட்டேன். அவரோடு பேசாமல் இரண்டு வாரம் காத்திருந்தேன்.

ஈக்கள் வந்த அன்று அவர்தான் முதலில் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "மா, இங்க ஒண்ணு இருக்குது. தோ, இன்னொண்ணு. புள்ளி!"

கண்ணாடியைப் பிடுங்கினேன்.

"குப்பிலேர்ந்து கையை எடுங்க" என்றேன்.