ஆறு சந்திப்புகளும் நடந்தன

எங்கள் ஆய்வு மாணவர் அறையில் ஐந்து மேசைகள். நான்கில் குப்பை இருக்கும், ஒன்றில் வேலை இருக்கும். வேலை இருந்த மேசை சல்லடை அக்காவுடையது. மண்ணியல் துறையில் அவருக்கு அது ஏழாவது வருடம். எந்நேரமும் பித்தளைச் சல்லடையில் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். வயது முப்பத்தெட்டு. கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். மகள் நான்காம் வகுப்பு. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டேகாலுக்கு அக்கா வந்து அறையைத் திறப்பார். சாவி அவரிடம்தான் இருக்கும். பத்தரைக்கு வரும் நாங்கள், அவர் சீக்கிரம் வந்துவிடுகிறார் என்று பேசிக்கொள்வோம்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காலியாக ஒரு கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. விண்ணப்பம், படிவம், ஆய்வகப் பதிவேடு, எதுவானாலும் நிரப்பி, ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்வார். அவரைக் கவிழ்த்தது அந்தப் பழக்கம்தான்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று எங்கள் மேல் பாசம் பொங்கியது. ஆய்வு மாணவர்களும் புது விரிவுரையாளர்களும் வழி தெரியாமல் தவிக்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் வேறு துறையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியர் வழிகாட்டியாக இருப்பாராம். வருடத்துக்கு ஆறு சந்திப்புகள். ஆளுக்கொரு பச்சை அட்டைப் புத்தகம் கொடுத்தார்கள். பக்கத்துக்கு ஒரு சந்திப்பு: நாள், நேரம், இடம், 'வழிகாட்டி கூறிய ஆலோசனை', கீழே அவர் கையெழுத்து. தொடக்க விழாவில் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். 'தோள் கொடுப்போம்' என்பது பதினேழு தடவை வந்தது. எனக்கு வேறு வேலை இல்லாததால் எண்ணினேன்.

எங்கள் ஐந்து பேருக்கும் வாய்த்தவர் பெட்டி சார். சக்கரம் வைத்த பெட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு மாநாட்டிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுகிற மனிதர். மூன்று வாரம் அலைந்து கடைசியில் லிஃப்ட் வாசலில் மடக்கினோம்.

"ஓ, நீங்கதானா அந்த அஞ்சு பேர்? ரொம்ப சந்தோஷம். வண்டி கீழ நிக்குது, புத்தகத்தைக் குடுங்க."

பெட்டியின் முதுகிலேயே வைத்து, ஐந்து புத்தகத்திலும் ஆறு பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டார். முப்பது கையெழுத்து, மூன்று நிமிடம். ஒரு காலால் லிஃப்ட் கதவைத் தடுத்துக்கொண்டே போட்டார். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

"சார், ஆலோசனைன்னு ஒரு கட்டம் இருக்கே?" என்றார் அக்கா.

"நீங்களே எழுதிக்கங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

அக்கா முதலில் 'பொதுவாகப் பேசினோம்' என்று எழுதிக் கொடுத்தார். குறைந்தது பத்து வரி வேண்டும் என்று திட்ட அலுவலகம் திருப்பி அனுப்பியது. பத்து வரி என்றதும் அவருக்குள் என்ன நடந்ததோ, உட்கார்ந்து எழுதிவிட்டார். ஒரு நல்ல வழிகாட்டி என்ன சொல்லியிருப்பாரோ, ஏழு வருடத்தில் யாராவது தனக்குச் சொல்லமாட்டார்களா என்று எதை எதிர்பார்த்தாரோ, எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வந்தது. எட்டிப் பார்த்துப் படித்தேன். 'மேற்பார்வையாளரிடம் நேரம் இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், இல்லை என்பார். இரண்டு தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்கவும்.' 'முடிவுகள் வராத நாளில் முன்னுரையை எழுதவும்.' பெட்டி சார் ஜென்மத்துக்கும் இப்படி யோசித்திருக்கமாட்டார்.

சும்மா இருப்போமா? நாங்கள் நால்வரும் புத்தகத்தை அவர் மேசையில் வைத்தோம்.

"அக்கா, எனக்கும் எழுதிடுங்களேன். நீங்கதான் வேகமா எழுதுவீங்க."

"சும்மா எழுத முடியாது தம்பி. உனக்கு என்ன பிரச்சினைன்னு சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரிதான் எழுதணும்."

அரை மணி நேரம் புலம்பினேன். தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். இரண்டு நாளில் புத்தகம் நிரம்பித் திரும்பியது. நேராக அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கினேன். நால்வருக்கும் எழுதியதில் அக்காவின் சொந்த வேலை பத்து நாள் பின்னால் போனது. அதை அப்போது நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

வருட முடிவில் பெட்டி சாருக்குச் 'சிறந்த வழிகாட்டி' கேடயம் கிடைத்தது. ஆதாரம் ஐந்து பச்சைப் புத்தகங்கள். கேடயம் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று கையில் பிடித்துக்கொண்டே விமான நிலையம் போனார்.

அக்காவின் ஆய்வேட்டில் நான்கு இயல்கள் முடிந்திருந்தன. ஐந்தாவதற்கு இரண்டு பருவத்து மண் வேண்டும். இரண்டாம் பருவத்தில் வயல் வெள்ளத்தில் மூழ்கி, எடுக்க வேண்டிய மண் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் இருந்தால் எடுத்து முடித்துவிடலாம். ஆனால் ஏழு வருடம் முடிந்தால் பதிவு ரத்து, செய்ததெல்லாம் வீண். ஆறு மாத நீட்டிப்புக்கு விதியில் இரண்டே காரணங்கள்: நோய், அல்லது போதிய வழிகாட்டல் கிடைக்காமை. வெள்ளம் விதியில் இல்லை. அக்காவுக்கு நோயும் இல்லை. அதனால் இரண்டாவது காரணத்தை எழுதி விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தை விசாரித்த குழுவுக்குத் தலைவர் டீன். அவர் அக்காவின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாராம்: "இவ்வளவு அருமையான வழிகாட்டல் நம்ம மொத்தப் பல்கலைக்கழகத்துலயே யாருக்கும் கிடைக்கலைம்மா. இதுக்கப்புறமும் முடிக்கலைன்னா தப்பு யார் மேல?"

வேறு வழியில்லாமல் அக்கா உண்மையைச் சொன்னார். எழுதியது தான்தான், ஒரு சந்திப்புகூட நடக்கவில்லை என்று. பெட்டி சாரைக் கேட்டார்கள். அவர் புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். அவர் அதைப் படித்தது அதுதான் முதல் தடவை. படிக்கப் படிக்க முகம் மலர்ந்ததாம். "நான் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன், எல்லாம் நினைவில்ல. ஆனா இதெல்லாம் நான் சொல்றதுதான். அப்படியே என் பேச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நம்பிவிட்டார், பாவம்.

அப்புறம் எங்கள் நால்வரையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் எனக்கு விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. இந்தத் திட்டத்தின் சான்றிதழுக்கு அதில் மதிப்பெண் உண்டு. புத்தகம் போலி என்றால் சான்றிதழும் போகும்.

"உங்க வழிகாட்டி உங்களைச் சந்திச்சாரா?" என்றார் டீன்.

"சந்திச்சார் சார். ஆறு தடவை."

"எப்போ, எங்க?"

"அவர் அறையிலதான் சார். காலையில, பதினோரு மணி வாக்குல."

டீன் எதிரே திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, போகலாம்" என்றார். மற்ற மூவரும் சந்திப்பு நடந்தது என்றே சொன்னார்கள். நீட்டிப்பு மறுக்கப்பட்டது. பொய்க் குற்றச்சாட்டுக்கு எச்சரிக்கைக் கடிதம் தனியாக வந்தது.

அக்கா அறைக்கு வந்து மண் பைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். மற்ற மூவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் வாசலில் நின்றேன்.

"என்ன நேரம்னு கேட்டாங்களா?" என்றார் என்னைப் பார்க்காமல்.

"பதினோரு மணின்னு சொன்னேன்க்கா."

"நூலகப் படிக்கட்டு, சாயங்காலம் நாலு மணி. ஆறு தடவையும் அப்படித்தானே எழுதியிருந்தேன்? கொடுக்கிறதுக்கு முன்னாடி படிக்கவே இல்லையா நீ?"

அக்கா கடைசிப் பையையும் பெட்டிக்குள் வைத்தார்.

"உன் புத்தகம் அவர் முன்னாடி திறந்திருந்ததா?"

"இருந்தது."

"அப்போ அவருக்குத் தெரியும்" என்றார். பெட்டியைக் கயிற்றால் கட்டினார். கட்டி முடித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். என் புத்தகத்தின் ஆறு பக்கங்கள்.

"நேர்முகத்துக்குப் போறதுக்கு முன்னாடியாவது படிச்சிடு தம்பி. அஞ்சாவது பக்கம் அதுக்குன்னே எழுதினது."

அன்றைக்கே படித்தேன். நேர்முகத்தில் என் ஆய்வின் ஓட்டையைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்தாம் பக்கத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை எனக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவர்களில் ஒருவர், "ரொம்பத் தெளிவா இருக்கீங்க. யார் உங்க வழிகாட்டி?" என்று கேட்டார்.

பெட்டி சாரின் பெயரைச் சொன்னேன்.