தேனி ரயில்வே கேட்டில் அணைந்த இன்ஜின்கள்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது என் கணவர் சேகர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வழியில் ஒரு தடவை எனக்கு மூச்சு இழுத்தாலும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். எனக்கு ஆஸ்துமா. குடியிருப்பதோ சென்னையில், லாரிகள் ஓயாத ஒரு சாலை ஓரம். போன வருடம் சுருளி அருவிக்குக் கிளம்பி மதுரையோடு திரும்பியிருக்கிறோம். மழை ஓய்ந்த இந்த டிசம்பரில் நான் விடுவதாக இல்லை.

மதுரை ஆரப்பாளையத்தில் காலை ஏழே முக்காலுக்குக் கம்பம் பஸ். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. சேகரிடம் பெருமையாக மூச்சை இழுத்து விட்டுக் காட்டினேன். அந்தப் பெருமையெல்லாம் தேனி ஊருக்குள் ரயில்வே கேட் மூடும் வரைக்கும்தான்.

எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் ஆட்டோக்கள், பின்னால் வேன்கள். ஒருவரும் இன்ஜினை நிறுத்தவில்லை. நம் கண்ணுக்குத் தெரிவது கரும்புகை மட்டும். அதைவிட மோசம் தெரியாத நுண்துகள்தான் என்பார் என் டாக்டர். அது நுரையீரலின் அடிவரை இறங்கி, ரத்தத்தில் கலந்து, இதயத்தையும் கெடுக்கும். கூடவே நைட்ரஜன் டை ஆக்சைடு, புற்றுநோய் வரை கொண்டுபோகிற பென்சீன். முந்தானையால் மூக்கைப் பொத்தி ஒரு பிரயோஜனமும் இல்லை. நெஞ்சு இறுகியது, இன்ஹேலரை எடுத்தேன். சேகர் மேலே இருந்த பையை இறக்கினார்.

கோபம் வந்தால் எனக்குக் கூச்சம் போய்விடும். நேராக டிரைவரிடம் போய் இன்ஜினை நிறுத்தச் சொன்னேன். அவர் கஷ்டம் அவருக்கு.

"ஆஃப் பண்ணுனா செல்ஃப் எடுக்காதும்மா. பேட்டரி வீக்கு. கேட்டு தொறந்ததும் நகரலைன்னா பின்னாடி நிக்கிறவன் என்னையத் தின்னுருவான்."

ஜன்னலுக்கு வெளியே பன்னீர் திராட்சைக் கூடையோடு நின்ற பெண் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முருகேஸ்வரி என்று பிறகு பெயர் சொன்னாள். தினமும் அந்தப் புகைக்குள் நடந்து விற்பவள்.

"எனக்கும் நெஞ்சு இருமல்தேன். பொகையில நிக்காதன்னு டாக்டரு சொன்னாக. வேற எங்கன போயி விக்க? நிப்பாட்டுண்ணே. எடுக்கலைன்னா தள்ளுறோம்."

தள்ளுகிறோம் என்று பஸ்ஸுக்குள்ளும் நாலைந்து குரல்கள். டிரைவர் எதிரே ஒட்டியிருந்த சாமி படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. பிறகு அவரே தலையை வெளியே நீட்டி லாரிக்காரரைக் கூப்பிட்டார். லாரி அடங்கியது, ஆட்டோக்களும் ஒவ்வொன்றாக அடங்கின. மருந்தும் வேலை செய்ய, எனக்கு மூச்சு சீரானது. சேகர் பையை மேலே வைத்துவிட்டு அரைக் கிலோ திராட்சை வாங்கினார், நாற்பது ரூபாய்.

ரயில் போய்க் கேட் திறந்தது. பஸ் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது! எங்களைவிட டிரைவருக்குத்தான் ஆச்சரியம். பயந்துகொண்டு மாதக்கணக்காக நடுவழியில் அவர் அணைத்துப் பார்க்கவே இல்லையாம். பஸ் முழுக்கக் கைதட்டல்.

உத்தமபாளையம் தாண்டித் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே கம்பம் போய்த் தங்கினோம். மறுநாள் பத்து கிலோமீட்டரில் சுருளி. ஆட்டோ போக வர நானூறு ரூபாய். அருவிக்கு ஏறும் வழியில் நான் முன்னால், மூச்சு வாங்கியபடி சேகர் பின்னால். ஜெயித்துவிட்டேன் என்று தண்ணீருக்குள் நின்று கத்தினேன். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஆஸ்துமாவோடு கிளம்புகிறவர்கள் இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். துணி போதாது, என்95 மாஸ்க் வேண்டும். வண்டி நிற்கும்போது புகை வரும் பக்கத்து ஜன்னலை மூடிவிடுங்கள். முக்கியமாக, வாயைத் திறந்து கேளுங்கள்.

திரும்பும்போது வேறு பஸ், அதே கேட், மூடியிருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். சேகர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற மனிதர், எழுந்து டிரைவரிடம் போனார்.

"கொஞ்சம் ஆஃப் பண்ணிடுங்கண்ணே. எடுக்கலைன்னா நான் இறங்கித் தள்ளுறேன்."

வெளியே முருகேஸ்வரி ஒரு லாரியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இன்ஜின் நின்றது. இன்ஹேலர் கைப்பைக்குள்ளேயே கிடந்தது.