பியூலா கடைசியாகச் சொன்னது

போன வாரம் எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. பெரிய வெள்ளி ஆராதனை, ஏழு வார்த்தைகள், ஏழையும் ஒரே போதகர் பேசுகிறார், சென்னையிலிருந்து வருகிறார், வீட்டிலிருந்தும் நேரலையில் பார்க்கலாம். ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். மற்றவர்களுக்கு ஏதாவது வாசனை வந்து பழைய நினைப்பைக் கிளப்பிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி லேபில் வேலை பார்த்துப் பார்த்து மூக்குக்குச் சொரணை போய்விட்டது. அடுப்பில் சாம்பார் தீய்ந்தால்கூட யாராவது வந்து கத்த வேண்டும். அதனால் எனக்குப் போஸ்டர்தான்.

ஏழு வார்த்தை என்றால் என்ன என்று கேட்பீர்கள். சிலுவையில் இயேசு பேசியதாக பைபிளின் நான்கு சுவிசேஷங்களில் இருப்பதைக் கூட்டினால் ஏழு வாக்கியம் வரும். எந்த ஒன்றிலும் ஏழும் கிடையாது. பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அவற்றை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு ஏழு பேர் பேசுவார்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் கோயிலில் அப்போதெல்லாம் சபையார்தான் பேசினார்கள். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் ஒருவர், ஒரு நர்ஸம்மா, இப்படி. வெள்ளைச் சேலைக்காரப் பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் பின்பக்கக் கொட்டகையில் கஞ்சியும் துவையலும். உள்ளதைச் சொன்னால், ஐந்தாம் வார்த்தை வரும்போதே எனக்குக் கஞ்சி நினைப்பு வந்துவிடும்.

அந்த ஐந்தாம் வார்த்தை என் தங்கை பியூலாவின் வீட்டுக்காரர் அருளுக்கு. தாகம் என்று இயேசு சொன்னது, ஒரே ஒரு சொல். சபைக் கமிட்டி யோசித்துத்தான் அதைக் கொடுத்தது. அருள் சிதம்பரத்தில் சரித்திர வாத்தியார்; பெரிய வெள்ளிக்குப் பியூலாவோடு எங்கள் கோயிலுக்கு வந்துவிடுவார். சுவிசேஷங்களை யார் எழுதினார்கள், எதைப் பார்த்து எழுதினார்கள், அந்தக் கால யூதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராயும் தடித்தடி புத்தகங்களை வரவழைத்துப் படிப்பார். ஒரு வருஷம், இவர்களை மன்னியும் என்கிற முதல் வார்த்தையைக் கொடுத்தபோது, "யூதருங்க கொன்னாங்கன்னு வருஷா வருஷம் திட்டறோம். சிலுவையில அறையறது ரோமாக்காரன் குடுக்கற தண்டனை. இயேசுவும் யூதர், அவங்கம்மாவும் யூதர், கீழ நின்னு அழுதவங்களும் யூதர்தான்" என்று சொல்லிவிட்டார். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். அடுத்த வருஷத்திலிருந்து தாகம்தான். தாகத்தில் என்ன வம்பு வந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள்.

சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு பெரிய அட்டை இருந்தது. மத்தேயு, மாற்கு, லூக்கா என்ற மூன்று சுவிசேஷங்களையும் வெட்டி, ஒரே சம்பவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பார். அதற்கு ஒரு பைபிள் போதாது. ஒரு பக்கத்தை வெட்டினால் அதன் பின்பக்கம் போய்விடும், ஆகவே இரண்டு பைபிள். அதைப் பார்த்து அம்மா பதறிவிட்டாள். "வேதத்தைப் போய் கத்திரிக்கோல்ல வெட்டறாரேடி!" பியூலா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஊர்ல ஆம்பளைங்க என்னென்னமோ வாங்கி அழிக்கிறாங்க. இவரு பைபிள் வாங்குறாரு, விடும்மா" என்றாள்.

அந்த அட்டையில் அருள் எனக்குக் காட்டியது ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பாருங்க மச்சான், மாற்குதான் மொதல்ல எழுதினாருன்னு நெறைய பேரு சொல்றாங்க. அதுல இயேசு, ஏன் என்னைக் கைவிட்டீர்னு கத்தறாரு. அதை வச்சிக்கிட்டு எழுதின லூக்கா அந்த வரிய எடுத்துட்டாரு. உயிரை உம்ம கையில குடுக்கறேன்னு அமைதியா போறமாதிரி இருக்கு."

"எது மாப்ள நெசம்?"

"கேக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கறத எவனும் புதுசா இட்டுக்கட்ட மாட்டான். அதனால மாற்குக்கு வாய்ப்பு ஜாஸ்தி. நிச்சயம்னு சொல்லமாட்டேன்."

எங்கள் லேபிலும் முதல் ரீடிங்கை அழிக்கக் கூடாது, தப்பாகத் தெரிந்தாலும் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும் என்றேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பியூலாவைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காபி கொடுக்கச் சொன்னார்.

பியூலா ஒரு தை மாதம் செத்துப்போனாள். சிறுநீரகம். விடியற்காலையில், சிதம்பரத்து ஆஸ்பத்திரியில், பக்கத்தில் அருள் மட்டும்தான் இருந்தார். நான் முதல் பஸ் பிடித்துப் போனேன். வாசலிலேயே நின்றிருந்தார். "பயமா இருக்குன்னா மச்சான். அவ்ளோதான். அப்புறம் பேசல" என்றார். நான் சரி என்றேன். டீ குடிச்சீங்களா என்று கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, இன்று வரைக்கும் வரவில்லை.

பியூலா சொன்னது மட்டும் வளர ஆரம்பித்தது. யாரோ அம்மாவிடம் நிம்மதியாகப் போனாள் என்று சொன்னார்கள். அடக்க ஆராதனையில் போதகர், நம் சகோதரி பயமில்லை என்று சொல்லிக் கண்மூடினார் என்றார். துக்கம் கேட்க வந்த அத்தை ஒருத்தி, பாட்டுப் பாடிக்கொண்டே உயிர் போனதாமே என்றாள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது. அருள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்தப் பெரிய வெள்ளிக்கு அருளுக்கு நான்காம் வார்த்தை கிடைத்தது. ஏன் கைவிட்டீர் என்பது. துக்கத்தில் இருப்பவர், ஆறுதலாகப் பேசுவார் என்று கொடுத்தார்கள். அதற்கென்று ஒரு வழக்கமான ஆறுதலும் உண்டு. அது பைபிளில் சங்கீதம் என்று இருக்கும் பழைய ஜெபப் பாட்டுகளில் ஒன்றின் முதல் வரி; யூதர்களுக்குச் சங்கீதம் மனப்பாடம், முதல் வரியைச் சொன்னால் முழுவதும் நினைவுக்கு வரும்; அந்தச் சங்கீதம் துதியில்தான் முடியும். அதைக் கேட்கத்தான் அம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அருள் எழுந்தார். "அந்தச் சங்கீதம் நல்லவிதமா முடியுதுன்னு சொல்வாங்க. நானும் சொல்லியிருக்கேன். ஆனா அவரு முடிக்கல. மொத வரிதான் சொன்னாரு." முன்வரிசையைப் பார்த்தார். "லூக்கா இதை எழுதாம விட்டுட்டாரு. அவரை நான் ரொம்பக் குறை சொல்லியிருக்கேன். இனிமே சொல்லமாட்டேன். அதை வாசிக்கிற எடத்துல, எதிர்ல அம்மாங்க உக்காந்திருப்பாங்க இல்ல." அவ்வளவுதான், இறங்கி வந்துவிட்டார். அடுத்தவர் தாகத்துக்கு எழுந்து வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கஞ்சிக் கொட்டகையில் அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"மாப்ள, எம்பொண்ணு நெசமா என்னதான் சொன்னா?"

"பயமா இருக்குன்னு சொன்னா அத்த."

அம்மா அழவில்லை. "சின்னதுலேர்ந்தே அப்படித்தான். கரண்ட் போனா என்னைத்தான் கூப்பிடுவா" என்றாள். பிறகு கேட்டாள்: "என்னைக் கூப்பிட்டாளா?"

அருள் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

"கூப்பிட்டா அத்த. அம்மான்னு கூப்பிட்டா."

அம்மா தலையாட்டினாள். பொங்கலுக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். இன்னொரு டம்ளரும் வாங்கிக் குடித்தாள். எனக்கு அருளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. துவையல் இருக்கிறதா என்று கேட்டேன்.

அதற்கப்புறம் அம்மா அதைச் சொல்லாத ஆள் இல்லை. பால்காரரிடம்கூடச் சொன்னாள். போன வருஷம் அவளும் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்திருந்த அருள், என் பிள்ளைகளிடம் அவர்கள் அத்தை கடைசியில் பாட்டியைக் கூப்பிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது குரல் உடைந்தது. நான் அவரைத் தனியாக அழைத்துப் போனேன்.

"மாப்ள, ஆஸ்பத்திரி வாசல்ல எங்கிட்ட சொன்னப்ப அம்மான்னு கூப்பிட்டதா சொல்லலியே?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "சொன்னேனே மச்சான். மறந்துட்டீங்களா? நீங்க எதையும் காதுல வாங்கல. கல்லு மாதிரி நின்னீங்க."

இருக்கலாம். கல் மாதிரி நின்றது உண்மை. அருள் எதையும் மறைத்துப் பேசுகிற முகத்தோடு இல்லை. வேறு யாரிடம் போய்க் கேட்பது? பியூலாவின் பேச்சை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை, அவள் குரல் எப்படியிருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. பயமா இருக்கு என்று எப்போதாவது மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். அது அருளின் குரலில்தான் கேட்கிறது.