மாதவராஜின் மூணு கட்டைத் தோடி

மாதவராஜ் என்ற பெயரைத் தீர்த்தம்மாள் முதன்முதலில் கேட்டபோது அவள் கையில் ஒரு கவுளி வெற்றிலை இருந்தது. கொரோனா அடங்கி, காரிமங்கலம் சந்தை மறுபடி கூடத் தொடங்கிய வருஷம் அது. எதிரே நின்று வெற்றிலை கேட்டவர் சவுரியப்பன் வாத்தியார். பள்ளிக்கூடத்து வேலை முடிந்து, மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருப்பவர். அவர் சட்டைப் பைக்குள் செல்போன் நாதஸ்வரம் பாடிக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்த வெற்றிலையைத் தீர்த்தம்மாள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இது யாரு வாசிக்கிறதுங்க சார்?"

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வித்வான் ஒருவர் என்றார் வாத்தியார். அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறதாம். வாத்தியார் சேர்ந்திருக்கும் நாதஸ்வர ரசிகர் கூட்டத்தில் அவரைப் பெயர் சொல்லாமல் பெரியவர் என்றுதான் சொல்வார்களாம். இந்தத் தோடி வேறு எங்கும் கிடைக்காது, பாலக்கோட்டு மாதவராஜ் ஒருவரிடம்தான் இருந்தது, அவர் கொடுத்து நாங்கள் நாற்பது பேர் செல்போனில் கேட்கிறோம் என்றார்.

"இது எங்கப்பனுங்க."

வாத்தியார் சிரித்தார். "பெத்த அப்பன் வாசிச்சா எல்லாருக்கும் பெருசாத்தான் இருக்கும்மா."

"பெருசுன்னு நான் சொல்லலைங்க. எங்கப்பன்னு சொல்றேன்."

அவள் அப்பன் சென்றாயன் அரூர்ப் பக்கத்து மேளக்காரர். கல்யாணம், காது குத்து, மாரியம்மன் திருவிழா என்று சுற்று வட்டாரத்தில் வாசித்தார். மேற்கே சேலமும் கிழக்கே திருவண்ணாமலையும் அவருக்கு எல்லை. தோடி வாசிக்கும்போது ஒரு இடத்தில் போய் நின்றுகொள்வார். மூச்சு முடியப் போகிறது என்று கேட்கிறவர்களுக்குப் பயம் வரும் வரை நின்றுவிட்டு, படியிறங்குகிற மாதிரி இறங்குவார். வீட்டில் விடியற்காலையில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தீர்த்தம்மாளும் அவள் தங்கைகள் இரண்டு பேரும் வளர்ந்தார்கள். அவர் செத்து முப்பத்திரண்டு வருஷம். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. ரேஷன் கார்டில் இருந்த பெயரையும் செத்த மாதமே அடித்துவிட்டார்கள். நாற்பது பேர் அந்த வாசிப்பைக் கேட்கிறார்கள் என்றால் அதைச் சென்றாயன் என்ற பெயரோடு கேட்க வேண்டும். தீர்த்தம்மாளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வாத்தியார் நல்ல மனுஷர். மாசத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடியில் கூடுகிறோம், வந்து நீங்களே மாதவராஜிடம் சொல்லுங்கள் என்றார்.

மாதவராஜைப் பற்றி அவள் பிற்பாடு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடலாம். பாலக்கோட்டுக்கு வடக்கே தக்காளி போடும் குடும்பம். அண்ணன் தம்பி நாலு பேரில் மூன்றாமவர். பத்தாவது முடித்துச் சர்க்கரை ஆலையில் எடை மேடைக்கு வேலைக்குப் போனார். கரும்பு லாரி ஏறி நின்றால் முள் அசையாமல் நிற்கும் வரை எழுத மாட்டார். டிரைவர்கள் திட்டுவார்கள், காது கொடுக்க மாட்டார். எடை மேடை அறையில் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்துக்கொண்டு, லாரிக்கும் லாரிக்கும் நடுவில் நாதஸ்வரம் கேட்பார். சேலத்தில் பழைய கேசட் விற்கிறவர்களைத் தேடிப் போவார். மனைவி நிர்மலாதேவி, ஒரே மகள் ஜெயபிரியா, முந்நூறு கேசட், அப்புறம் ஒரு நோட்டு. எந்தக் கேசட்டில் என்ன ராகம், எத்தனை நிமிஷம், எத்தனை கட்டை சுருதி, எங்கே யார் இருமினார் என்பது வரைக்கும் அந்த நோட்டில் இருக்கும்.

தோடிக் கேசட்டும் சேலத்தில் வாங்கியதுதான். மேலே பென்சிலால் பெரியவர் பெயர் எழுதியிருந்தது. எடை மேடை ஆளாயிற்றே, எழுதியிருக்கிறது என்பதற்காக மட்டும் அவர் நம்பிவிடவில்லை. ஆர்மோனியத்தோடு வைத்துப் பார்த்தார், மூன்று கட்டை. பெரியவர் வாசிப்பதும் மூன்று கட்டை. பிருகா ஓடுகிற வேகம் மனுஷ விரலுக்கு மீறினதாக இருந்தது. வேறு யாரால் முடியும் என்று முடிவு செய்தார். அந்தக் கேசட்டுக்காகத் தர்மபுரியில் ஒரு சபையில் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீர்த்தம்மாள் பஸ் பிடித்துப் போனாள். மாடியில் ஒன்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கொண்டுவருகிறவர் பெயரைச் சொல்லாமல் பாட விடுவார். முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒவ்வொருவராக யாருடையது என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் போண்டா வாங்க வேண்டும். மாதவராஜ் இருபது வருஷத்தில் ஒரு முறைகூட போண்டா வாங்கியதில்லை என்று செல்போன் கடை ரஞ்சித்குமார் அவளிடம் சொன்னான்.

மாதவராஜ் ஒல்லியாக, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு இருந்தார். அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உங்கள் அப்பா என்ன கட்டையில் வாசிப்பார் என்று கேட்டார். அவளுக்குக் கட்டை தெரியாது. அப்பனின் குழல் எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினாள்.

"நீளக் குழல்னா சுருதி கீழ இருக்கும்மா. இது மேல இருக்குது. உங்கப்பா நல்லா வாசிச்சிருப்பாரு, நான் இல்லைங்கல. ஆனா இது அவரில்ல."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. முழுசாக ஒரு முறை போடச் சொன்னாள். போட்டார்கள். பதினோராவது நிமிஷத்தில் நாதஸ்வரம் நின்று, கொஞ்ச நேரம் தவில் மட்டும் கேட்டது. பெரியவர் தவிலுக்கு வழி விடுகிறார் என்று ஒருவர் ஜாடை காட்டினார். பதினாலாவது நிமிஷத்தில் தூரத்தில் ஒரு குழந்தையின் குரல், பந்தி போட்டாயிற்று என்று கூப்பிட்டது. தீர்த்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடியும் வரை பேசக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுருதியே மேலே மேலே போயிற்று.

முடிந்ததும் சொன்னாள். "அது கொழந்தை இல்லீங்க. எங்க கருப்பி அத்தை."

கருப்பி, சென்றாயனுக்கு நேர் இளைய தங்கை. கருப்பியின் மூத்த மகள் கல்யாணம் அது. அப்போது தீர்த்தம்மாளுக்கு மூத்தவன் வயிற்றில் ஐந்து மாசம், அவனுக்கு இப்போது நாற்பத்து மூன்று. அவள் சமையல் பக்கம் இருந்ததால் பந்தலில் யார் என்ன வைத்துப் பதிவு செய்தார்கள் என்று பார்க்கவில்லை. ஆனால் கருப்பி அத்தை கூப்பிடுகிற தினுசு தெரியும்.

மாதவராஜ் நோட்டைத் திறந்தார். பதினாலாவது நிமிஷம், குழந்தைக் குரல் என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்.

"எங்க அத்தைக்கு அன்னிக்கு நாப்பது வயசுங்க. ஆம்பளைத் தொண்டை. ஏரிக்கு அந்தப் பக்கம் மேயிற மாட்டை இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும். அது கொழந்தையாட்டம் கேக்குதுன்னா உங்க டேப்புதான் தப்பா ஓடுது."

சவுரியப்பன் வாத்தியார்தான் மெதுவாக ஆரம்பித்தார். கடைசியில் சுருதி ஏறுவதைப் பற்றி முன்னமே ஒரு தடவை தான் கேட்டதாகவும், கூடவே சுருதிக்கு ஊதுகிற ஒத்தும் சேர்ந்து ஏறுகிறதே என்று சொன்னதாகவும், பெரியவருக்கு ஆவேசம் வந்துவிட்டது என்று மற்றவர்கள் தன் வாயை அடைத்ததாகவும் நினைவுபடுத்தினார். ரஞ்சித்குமார் செல்போனில் ஏதோ தட்டி வேகத்தைக் குறைத்தான். குழந்தைக் குரல் இறங்கி இறங்கிக் கனத்த பெண் குரலாக வந்தது. ஆர்மோனியத்தில் பார்த்தால் சுருதி இரண்டு கட்டைக்குக் கீழே நின்றது. பிருகாவின் வேகமும் மனுஷ விரலுக்குத் திரும்பியிருந்தது.

மாதவராஜ் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார் என்று பிறகு சொன்னார்கள்.

மூன்று சந்தை வந்து போனது. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வாத்தியார் போன் செய்தால் நிர்மலாதேவிதான் எடுத்தாராம், இவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்றாராம். டேப் தப்பாக ஓடியது என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்ளக்கூடும், வாசித்தது யார் என்பதற்குத் தன் வாய்ச்சொல் தவிர ஒன்றுமில்லை என்பது தீர்த்தம்மாளுக்குத் தெரிந்தே இருந்தது. பெயரில்லாத தோடியாக அது சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது, பெரியவர் பெயரோடு இருந்ததே தேவலை என்றுகூடத் தோன்றியது.

நாலாவது சந்தையில் மாதவராஜ் வந்து அவள் கூடை முன்னால் நின்றார். உங்கள் அத்தை உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறாள் என்றதும், அவர் குரலைக் கேட்க வேண்டும் என்றார்.

இருவரும் தர்மபுரி போய் அரூர் பஸ் ஏறினார்கள். கருப்பி அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மாதவராஜ் டேப்பைச் சரியான வேகத்தில் போட்டு, செல்போனை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். கிழவி கொட்டை எடுப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்தப் பந்தியில சாம்பார் பத்தல" என்றாள்.

நாதஸ்வரம் நின்று தவில் மட்டும் கேட்ட இடம் வந்தது. இங்கே ஏன் நின்றது என்று மாதவராஜ் கேட்டார்.

"தாய்மாமனாச்சே. சீர் வெக்க எந்திரிச்சுப் போனான். வெச்சுட்டு வந்து மறுபடி எடுத்தான். காத்தால இருந்து ஒரு வாய் சாப்பிடல எங்கண்ணன்."

இதை எதில் பிடித்தார்கள் என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு அண்ணன் பெங்களூர்ல இருந்து ஒரு டப்பா தூக்கிக்கிட்டு வந்திருந்தான். கரண்டு இல்ல. எங்க வூட்டு டார்ச்சு லைட்டுல இருந்த பேட்டரியைக் கழட்டிப் போட்டுக்கிட்டான். ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சறப்ப எரிஞ்சு எரிஞ்சு தேஞ்சு கெடந்த பேட்டரி. திருப்பிக் குடுக்கவே இல்ல அந்தப் பய."

மாதவராஜ் செல்போனை நிறுத்தினார். பேட்டரி தேய்ந்தால் பதிகிறபோது டேப் மெதுவாக ஓடும், பிறகு நல்ல மிஷினில் போட்டால் எல்லாம் விரைந்து மேலே ஏறிக் கேட்கும் என்று தீர்த்தம்மாளுக்குச் சொன்னார். பேட்டரி கடைசியில் இன்னும் தேய்ந்திருக்கிறது, அதைத்தான் இருபது வருஷமாக ஆவேசம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார். பிறகு நோட்டை எடுத்துப் பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அப்பாவின் முழுப் பெயர் என்ன, ஊர் என்ன, தவில் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தவில் யார் என்பதைக் கருப்பி அத்தைதான் சொன்னாள். தவில்காரர் அவளுடைய கொழுந்தனார்தான்; அவர் வயதையும் சேர்த்துச் சொன்னாள்.

அன்றைக்கே பஸ்ஸில் உட்கார்ந்தபடி நாற்பது பேருக்கும் குரல் செய்தி அனுப்பினார். பக்கத்தில் இருந்த தீர்த்தம்மாளுக்கும் கேட்டது. பெரியவர் என்று நான் கொடுத்தது தப்பு, சால்வை வாங்கியதும் தப்பு, இதை வாசித்தவர் அரூர்ப் பக்கம் சென்றாயன், வேகத்தையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன், பழையதை அழித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குப் போண்டா என் செலவு என்றும் சேர்த்துக்கொண்டார்.

பதினோரு பேர் கூட்டத்தை விட்டுப் போனார்கள். உரக்கடைக்காரர் ஒருவர், வேகத்தைக் குறைத்தால் அப்படி ஒன்றும் பெரிய வாசிப்பு இல்லையே என்று எழுதினார். ரஞ்சித்குமார் அதைத் தீர்த்தம்மாளுக்குப் படித்துக் காட்டாமலே இருந்திருக்கலாம். அடுத்த ஞாயிறு அவள் மாடிக்குப் போய் மாதவராஜிடமே கேட்டாள், உங்களுக்கும் அப்படித்தானா என்று.

அவர் பொய் சொல்லவில்லை. "பழைய வேகந்தாங்க எனக்குக் காதுல நிக்குது. இது இன்னும் பழகல."

"பழகிக்கோங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

சரியென்று தலையாட்டிவிட்டு அவர் டேப்பைப் போட்டார். வழக்கத்தை மீறி முதலிலேயே பெயரைச் சொல்லிவிட்டுப் போட்டார்.

மாதவராஜ் இப்போது ஓசூரில் மகள் ஜெயபிரியாவின் வீட்டில் இருக்கிறார். நோட்டும் கூடவே போயிருக்கிறது, அதில் தோடிக்கு நேரே சென்றாயன் பெயர்தான்.