காலியாக வந்த கேரியர்

இன்று காலை வேளச்சேரியில் ஓடும்போது கெண்டைக்கால் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகு இது அடிக்கடி வருகிறது. வீட்டுக்கு வந்து நீலகிரித் தைலத்தைத் திறந்ததும் திருவண்ணாமலை வீட்டுக் கூடம் மணத்தது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் நான் ஜெயிக்க வேண்டும் என்று அப்பா என் பயிற்சியையே வேண்டுதலாக்கிவிட்டார். இருபத்தொரு நாள் செருப்பில்லாமல் மலையைச் சுற்றி எட்டு மைல் ஓட வேண்டும். அவர் சைக்கிளில் கூடவே வருவார்.

பதினெட்டாம் நாள், இரண்டு மைல்கூட ஆகவில்லை, இதே இடத்தில் பிடித்தது.

“கெண்டக்கால் இழுக்குதுப்பா. திரும்பிடலாமா?”

“மல சுத்த ஆரம்பிச்சுட்டு பாதில திரும்பக் கூடாதும்மா. மெதுவா வா.”

“சைக்கிள்ல ஏறிக்கட்டுமா?”

அப்பா இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். மிச்ச ஆறு மைலும் நொண்டினேன். கேரியர் காலியாகவே வந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

கால் வீங்கிவிட்டது. பந்தயத்துக்குப் போக முடியவில்லை. அன்று தைலம் தேய்த்தபடி அப்பா அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: “ஏத்திக்கிட்டு வந்திருக்கலாம். சாமி ஒண்ணும் சொல்லியிருக்காது.”

வலியைவிட அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்று ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி, “ஏறிக்குங்கம்மா, வீட்ல விட்டுடுறேன்” என்றார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இரண்டு கிலோமீட்டர் நொண்டிக்கொண்டே வந்தேன். வேளச்சேரியில் எந்த மலையும் இல்லை.