வாசலுக்கு வெளியே போட்ட இலை

கடத்தூருக்குப் பக்கத்தில் என் அம்மா பிறந்த வீட்டில், சாமி படங்களை அடுத்து ஒரு பெண்ணின் படம் மாட்டியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்து மூடச் சேலையை இழுத்துப் போர்த்தியிருக்கிறாள். அவளுடைய தோள்மேல் ஒரு கை இருக்கிறது. கைக்கு ஆள் இல்லை. மணிக்கட்டோடு படம் முடிந்துபோகிறது. அதற்கப்புறம் மரச்சட்டம், அதற்கப்புறம் சுவர், சுவரில் பல்லி.

அந்தக் கையைப் பார்த்தபடியேதான் நான் வளர்ந்தேன். வெயில் நேரத்தில் கூடத்தில் படுத்துக்கொண்டு, சட்டத்துக்குள் புகுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுப்பதாக நினைத்துக்கொள்வேன். முழங்கை வரும். தோள் வரும். முகம் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும்.

படத்தில் இருப்பவள் என் அம்மாவின் அப்பாவைப் பெற்றவள். கை, இந்தப் பக்கம் ரோடு போட மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரருடையது. வந்தார், இருந்தார், ஒரு பிள்ளை பிறந்தது, காய்ச்சலில் செத்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். செத்தார் என்பதை மட்டும் போனார் என்று மாற்றி ஊரில் சொல்வார்கள். அம்மாவுக்குக் கண் இரண்டும் சாம்பல் பூத்த பச்சை. பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணி. சண்டை முற்றினால் அதைவிட மோசமான ஒன்று வரும்: உன் தாத்தன் கட்டிக்கிட்டவனா, வெச்சிக்கிட்டவனா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. ஆடி அமாவாசைக்குச் செத்தவர்களுக்கெல்லாம் கூடத்தில் வரிசையாக இலை போட்டுப் படைப்பார்கள். வெள்ளைக்காரருக்கும் இலை உண்டு. அதே சோறு, அதே வடை, அதே பாயசம், கூடவே ஒரு பன்னும் ஒரு டம்ளர் டீயும். ஆனால் அந்த இலை மட்டும் வாசலுக்கு வெளியே. தாலி கட்டினாரா என்று தெரியாத ஆளை உள்ளே எப்படிக் கூப்பிடுவது?

வெளியே இலை போட்டால் நாய் வரும். நாயை விரட்ட ஆள் வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த ஆள் என் அம்மாதான். கையில் ஒரு குச்சியோடு வாசலில் நிற்பாள். உள்ளே கற்பூரம் காட்டுவார்கள், மணியடிப்பார்கள், எல்லோரும் விழுந்து கும்பிடுவார்கள். அம்மா தெருவைப் பார்த்து நிற்பாள். கல்யாணமாகி அரூருக்கு வந்த பிறகும் ஒரு வருடமும் தவறாமல் போய் நின்றாள். இப்போது எழுபத்தாறு. இரண்டு முழங்காலும் போய்விட்டன.

போன வருடம் படையல் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள்.

“எனக்கப்பறம் யாருடி நாய வெரட்டுவா?”

“நான் வெரட்டறேன்மா.”

“நீ எங்க நிக்கப்போற. ஒரு எடத்துல நிக்கற காலா அது.” பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: “அந்த எலைய உள்ள கொண்டாந்து போட்டுட்டா நாய வெரட்டற வேலையே இல்ல.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. படையலை எடுத்து நடத்துபவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரிடம் போய் நின்றேன்.

“மாட்டேன்னா சொல்றேன், பாப்பா? எனக்கு மட்டும் அவரு தாத்தன் இல்லியா? நாளைக்கு ஆயா வழிப் பங்காளிங்க கேப்பாங்க. என்னத்தக் காட்டுவேன்? கட்டுனாருன்னு ஒரு அடையாளம் கொண்டா. அன்னிக்கே உள்ள போடறேன்.”

கொண்டுவரக் கிளம்பினேன். அம்மா சொன்னது சரி, என் கால் ஓர் இடத்தில் நிற்காது. அதற்கு இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. பழைய தேவாலயங்களுக்குப் போனேன். பொறுமையான பாதிரியார்கள் பெரிய பெரிய பதிவேடுகளைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். பழுப்பு மையில் பிறந்தவர்கள், மணந்தவர்கள், புதைந்தவர்கள். எத்தனை பேர் இந்த வெயிலுக்கு வந்திருக்கிறார்கள். என் விரல் எல்லாப் பெயர்களின் மீதும் ஊர்ந்தது, எங்கள் ஆள் மட்டும் இல்லை. “அந்தப் பொண்ணோட ஊர்க் கோயில்லயே கட்டியிருந்தா இதுல எப்படிம்மா இருக்கும்” என்றார் ஒரு பாதிரியார். நியாயம்தான். கோயிலில் கட்டியதற்கு யார் எழுதிவைத்தார்கள்?

அம்மாவுக்குத் தெரிந்தது இரண்டு விஷயம். ஒன்று அவர் பெயர். இன்னொன்று, அவளுடைய அப்பா அடிக்கடி சொன்னது. “எங்கப்பன் இங்கிலீஷ்காரன் இல்ல, அய்ரீஷு. அவனுங்களுக்கும் இவனுங்களுக்கும் ஆவாதுன்னு அப்பா சொல்லும்.” அயர்லாந்தின் ஞானஸ்நானப் பதிவேடுகள் கணினியில் கிடைக்கின்றன. ஆனால் அங்கே அந்தப் பெயரில், நம் ஊரில் முருகன் பெயர் வைத்தவர்களைப் போல, தெருவுக்கு நான்கு பேர். மழை பெய்யும் ஊர்களின் பெயர்களாக வாசித்துக்கொண்டே இருந்தேன். வெளியே புளியமரத்தில் இலை அசையவில்லை. வாசித்த ஊரிலெல்லாம் நனைந்தேன்.

வழி காட்டியது அரூரில் படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாமாவிடம் கெஞ்சி வாங்கிய படத்தை அவரிடம் கொண்டுபோனேன். பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அட்டையை நீக்கி, படத்தை உள்ளங்கையில் ஏந்தி ஓரத்தைத் தடவினார்.

“இது கிழிஞ்சதில்லீங்க. கத்திரிக்கோல் வெச்சி வெட்டியிருக்காங்க. பாருங்க, பக்கவாட்டுலயும் வெட்டு, கீழயும் வெட்டு.”

படத்தின் பின்னால் சேலத்து ஸ்டுடியோ ஒன்றின் முத்திரை பாதி இருந்தது. பாய் படத்தை ஸ்கேன் செய்து கொடுத்தார். அயர்லாந்துக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் அதைப் போட்டு, கீழே எழுதினேன்: இந்தக் கையைத் தேடுகிறோம்.

வெட்டிய செய்தியை வீட்டில் சொன்னபோது மாமா தலையைச் சொறிந்தார். “அப்ப கெடைச்ச சட்டம் சின்னதா இருந்திருக்கும்.”

“சட்டம் சின்னதில்லடா,” என்றாள் அம்மா. “மனசு சின்னது.”

ஏழு வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அயர்லாந்து அம்மையார். அந்தக் கையின் மீதி தன் வீட்டு மாடிப்படிச் சுவரில் தொங்குகிறது என்று எழுதியிருந்தார். அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு அண்ணன் அந்த ஆள். தங்கைக்கு அனுப்பிய படம். பின்னால் அதே சேலத்து முத்திரை, முழுதாக. இந்தியாவில் காய்ச்சலில் இறந்தார் என்றுதான் தங்கள் வீட்டிலும் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கும் பெண் யாரென்று மட்டும் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தார்.

அவர் போகவில்லை. செத்துத்தான் போயிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கமும் அதே காய்ச்சல். மாமாவையும் வைத்துக்கொண்டு அதை உரக்கப் படித்தபோது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உடனே முறை கணக்குப் போட ஆரம்பித்தாள். “தங்கச்சி மவனோட மவளா? அவங்கப்பன் எங்கப்பனுக்கு அத்த மவன். எனக்கு மாமன் மொறை. அப்ப இவ மாமன் மவ. கேலி பேசலாம்.”

இணைப்பைத் திறந்தேன். முகம் வந்தது. மெலிந்த, உயரமான, சிரிப்பை மீசைக்குள் வைத்திருந்த ஒருவர். ஒரு கையில் தொப்பி, மறு கை அவள் தோளில். காது இரண்டும் கதவு திறந்தாற்போல விரிந்து நின்றன. நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பி மாமாவின் காதைப் பார்த்தோம்.

“என்னத்தப் பாக்கறீங்க,” என்று மாமா துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

அம்மா சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள், “இப்ப போடலாமாடா உள்ள?”

மாமா போனை வாங்கி மேலும் கீழும் தள்ளினார். படம் முழங்காலோடு நின்றுவிட்டது. “தாத்தன் இவருதான்கா. அதுல சந்தேகமில்ல. கட்டுனாரான்னு இதுல இல்லியே. கழுத்த மூடிக்கினு உக்காந்திருக்கு ஆயா. கால் எங்க?”

“காலா?”

“கால்ல மெட்டி இருக்கும்ல. புருசன் போட்டாத்தான மெட்டி. பாப்பா, அந்தம்மாவ கால காட்டச் சொல்லு.”

முன்பின் தெரியாத ஒருவருக்கு, அதுவும் அவ்வளவு மரியாதையான ஒருவருக்கு, பெண்ணின் கால்விரலைக் காட்டுங்கள் என்று எப்படி எழுதுவது? நான்கு முறை எழுதி அழித்தேன். கடைசியில் இலையைப் பற்றி, நாயைப் பற்றி, குச்சியோடு நிற்கும் அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் எழுதினேன். அனுப்பிவிட்டு வெட்கத்தில் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

ஐந்து நாள் பதில் இல்லை. அம்மா தினமும் கேட்டாள்: “மாமன் மவ பேசுனாளா?” ஆறாம் நாள் பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டிருந்தார். கீழ்ப்பகுதியை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டாராம். காலில் செருப்பு இல்லாததை நாங்கள் பார்த்து வருத்தப்படுவோமோ என்று. தன் பாட்டிக்கும் அது அவமானமாம். அண்ணன் இந்தியாவில் செருப்புக்கும் வழியில்லாமல் இருந்தான் என்று யாராவது நினைத்துவிடக் கூடாதென்று, கீழ்ப்பகுதியை அட்டை வைத்து மறைத்தே சட்டம் போட்டிருந்தாராம். படத்தோடு ஒட்டிப்போன அந்த அட்டையைக் கிழியாமல் எடுக்கச் சட்டம் போடுபவரிடம் போய்க் காத்திருந்ததில்தான் ஐந்து நாள்.

இரண்டு வீட்டிலும் ஒரே படம். இங்கே ஆளை மறைத்தார்கள். அங்கே காலை மறைத்தார்கள்.

படத்தைத் தனியாகத் திறக்க மனம் வரவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாமா வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்தோம். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் இரண்டு விரலால் படத்தை விரித்தேன். சேலைக் கரை. கணுக்கால். கால்.

ஆயாவின் இரண்டு காலிலும், இரண்டாம் விரலில், கெட்டியாக, வட்டமாக, மெட்டி.

அம்மா போனைத் தொட்டாள். தொட்டதில் படம் நழுவிப் பக்கத்தில் நகர்ந்தது. அங்கே இன்னும் இரண்டு கால்கள். பெரிய, வெளுத்த, விரல் பரப்பிய கால்கள். கால்சட்டையின் நுனிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவ்வளவு நல்ல கோட்டு, அவ்வளவு நல்ல தொப்பி, வெறுங்கால். பின்னால் நாற்காலிக்கு அடியில் ஒரு ஜோடி பூட்ஸ், கழற்றி ஒழுங்காக வைத்தது.

“வழி இல்லாம இல்ல,” என்றாள் அம்மா. “கழட்டி வெச்சிருக்காரு. ஆயா கழட்டச் சொல்லியிருக்கும். பக்கத்துல நிக்கறதுன்னா என்ன மாதிரி நில்லுன்னு.”

மாமா வெகுநேரம் அந்தப் பூட்ஸையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“செருப்ப கழட்டிட்டாரு. அப்பறம் எதுக்கு வெளிய நிக்கணும். உள்ள வரட்டும்.”

இந்த ஆடி அமாவாசைக்கு இலை கூடத்தில் விழுந்தது, ஆயாவின் இலைக்குப் பக்கத்தில். பன்னும் டீயும் அப்படியே. சுவரில் பாய் போட்டுக் கொடுத்த புதுச் சட்டத்தில் தலையிலிருந்து கால்வரை இரண்டு பேரும் இருந்தார்கள். பங்காளிகளில் ஒருவர் வாயைத் திறக்கப் போனார். மாமா படத்தின் கீழ்ப்பக்கத்தை விரலால் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், வடையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

அம்மாவை இலைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். கை சும்மா இருக்கத் தெரியாமல் மடியில் குச்சியைத் தேடிக்கொண்டிருந்தது. மாமா கற்பூரம் ஏற்றினார். அம்மா இமைக்காமல் பார்த்தாள். சுடர் எழுந்தது, ஆடியது, அணைந்தது.

“இவ்ளோ நேரந்தானா?”

“பின்ன, பொழுதுக்கும் எரியுமா அக்கா?”

“இல்லடா, வெளிய நிக்கறப்ப ரொம்ப நேரமா இருக்கும்.” சொல்லிவிட்டுத் தன் தாத்தாவின் இலையிலிருந்து பன்னை எடுத்து, அவர் டீயிலேயே தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வாசலில் நாய் வந்து வழக்கமான இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, குழம்பிப்போய் உட்கார்ந்தது. மாமா இரண்டு வடையைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தார்.

அன்று சாயங்காலம், கூடத்தில் இருந்த எல்லோருடைய கால்களையும் வரிசையாக நீட்டவைத்து ஒரு படம் எடுத்தேன். அம்மாவின் வீங்கிய முழங்கால், மாமாவின் வயல் வெடிப்புக் குதிகால், என் ஊர்சுற்றிக் கால். அயர்லாந்துக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. எழுத்தே இல்லை. வீட்டு வாசலுக்கு வெளியே, ஈரப் புல்லில், நீல நரம்போடிய இரண்டு வெறுங்கால்கள்.

அம்மா போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

“பாரேன், ஈரத்துல நின்னுக்கிட்டிருக்கா. உள்ள போகச் சொல்லுடி.”